ஜவ்வாது மலை ஊர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம்: படிப்புக்கும் பிழைப்புக்கும் எதில் போடலாம்?

கேள்வி: அடிவாரம்

வணக்கம். நண்பர்கள் 14 பேர் சேர்ந்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறோம், மூன்று ஆண்டுக்கு உறுதி. ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே. 64 வீடு, எல்லாம் மலையாளி (கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் சமூகம்) பழங்குடிக் குடும்பங்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஊரிலேயே பள்ளி, ஆறாம் வகுப்புக்கு 7 கிலோமீட்டர். சாமை, புளி, கடுக்காய், கொஞ்சம் தேன். கார்த்திகை பிறந்தால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

இப்போது பேசிவைத்திருப்பது: பிள்ளைகளுக்கு 20 டேப்லெட், பெண்களுக்கு 10 தையல் மெஷின், ஊருக்கு ஒரு சாமை அரவை மெஷின், தேனைப் பாட்டிலில் அடைத்து சென்னையில் விற்பது. பெரிய பிள்ளைகள் தங்கிப் படிக்க அடிவாரத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை. அறக்கட்டளை இன்னும் பதியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மூன்று பேரும் பணம் தருகிறார்கள். இதில் எது தேறும், எது தேறாது?

பதில் 1: கரும்பலகை

டேப்லெட்டை அடித்துவிடுங்கள். சிக்னல் இல்லாத ஊரில் ஆறு மாதத்தில் சார்ஜர் போகும், அப்புறம் பீரோவில் தூங்கும். தங்கும் வீடு வேண்டவே வேண்டாம். பிள்ளைகளைத் தங்கவைக்கும் இடத்துக்கு, விடுதிகளை முறைப்படுத்த 2014இல் வந்த தமிழ்நாடு சட்டத்தின்படி உரிமம் வாங்க வேண்டும், வார்டன், காவலாள், தீயணைப்புச் சான்று என்று பட்டியல் நீளும். இல்லாமல் நடத்தினால் நல்லெண்ணம் எதுவும் உங்களைக் காப்பாற்றாது. மலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய்வர நினைக்கும் பிள்ளைகளுக்கு, தொலைவு அதிகமான குடியிருப்புகளுக்கென்று சமக்ர சிக்‌ஷா என்ற அரசுப் பள்ளிக்கல்வித் திட்டத்தில் பயணப்படி இருக்கிறது. தலைமையாசிரியர் பெயர்ப் பட்டியல் கொடுத்து, வட்டார வள மையம் வழியாகப் போக வேண்டும். பட்டியல் போகாவிட்டால் பணம் வராது.

முதல் செலவு காகிதத்துக்கு. ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி, வீடு வீடாக ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு. எங்கே காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை தெரிந்துவிடும்.

பழங்குடிச் சான்று மற்ற சான்றுகளைப் போல தாசில்தார் அலுவலகத்தோடு முடிவதில்லை. 1989 நவம்பரிலிருந்து வருவாய்க் கோட்டாட்சியர்தான் (ஆர்.டி.ஓ.) தர வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்தாலும் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று விசாரணை படியேறும். பெரும்பாலும் நின்றுபோவது பெயரில்: ரேஷன் கார்டில் சின்னப்பையன், ஆதாரில் சின்னபையன் கோ, பள்ளிப் பதிவேட்டில் சின்னசாமி. மூன்றும் ஒரே ஆள் என்று அதிகாரிக்கு யார் சொல்வது? அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே ஆதார் திருத்தம், கார்டு திருத்தம் இரண்டையும் முடியுங்கள். தந்தைக்குச் சான்று இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று தந்தை வழி ரத்த உறவில் யாரிடம் இருக்கிறது என்று தேடி, வம்சாவளியோடு இணையுங்கள்.

இன்னொன்று. அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் பழைய மாவட்டங்களோடு கட்டப்பட்டிருக்கிறது: தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை. ஜவ்வாது மலை பழைய வட ஆர்க்காட்டில் இருந்ததால் பிரச்சினை இல்லை. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே சமூகத்துக்கு இந்தச் சான்று கிடைப்பதில்லை. அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் தரப்பில் காகிதம் தேடி அலைய வேண்டாம். ஊர் எந்தக் கோட்டம் என்பதையும் முதலில் பாருங்கள். மலையின் புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம்.

வீட்டுப் பிரசவப் பிள்ளைகளுக்குப் பிறப்பைப் பதிந்திருக்க மாட்டார்கள். 21 நாளுக்குள் என்றால் இலவசம், ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கைக்கே பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவரை மாதம் 4,000 ரூபாய்க்கு இதற்கென்றே வையுங்கள், பஸ் காசு உட்பட.

அடுத்து மாலை வகுப்பு. ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேர், ஆளுக்கு மாதம் 5,000, மாலை 5 முதல் 7 வரை. ஊரில் 40 பிள்ளை என்று வைத்துக்கொள்வோம், எல்லோரையும் வகுப்பு வாரியாக உட்காரவைத்தால் வேலைக்காகாது. முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், 52இல் 37 கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரட்டும். பெரியவனுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் அவனையே சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பத்தி, அதே கணக்கு.

சுண்டலுக்குத் தலைக்கு 10 ரூபாய், 220 நாள், 40 பிள்ளை: 88,000. இதைக் குறைக்காதீர்கள், வருகைப் பதிவேட்டை இழுத்துப் பிடிப்பது சுண்டல்தான். கார்த்திகை முதல் மாசி வரை மட்டும், பெற்றோர் தோட்டத்துக்குப் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை இரவுச் சாப்பாடாக மாற்றுங்கள். பாட்டியோடு விட்டுப்போகத் துணியாமல்தான் பல வீட்டில் பிள்ளையையும் கையோடு கூட்டிப்போகிறார்கள். 15 பிள்ளை, 100 நாள், 35 ரூபாய்: 52,500.

பதில் 2: சாமைக்களம்

படிப்பைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிழைப்புப் பக்கம் வருகிறேன்.

அரவை மெஷின் வாங்கும் முன் ஒரு கணக்கு. வீட்டுக்கு ஒரு ஏக்கர் சாமை, ஏக்கருக்கு 300 கிலோ என்று வைத்தால் ஊர் முழுக்க 19 டன். மணிக்கு 100 கிலோ அரைக்கும் மெஷினுக்கு அது 190 மணி நேரம், நாளுக்கு 8 மணி என்றால் 24 நாள். அதுவும் ஊரில் சாப்பாட்டுக்கு வைப்பதையும் சேர்த்து. மீதி 11 மாதம் மெஷின் சும்மா இருக்கும், எலி ஒயரைக் கடிக்கும். மும்முனை மின்சாரம் இல்லையென்றால் மின்னழுத்தம் இறங்கும் நேரத்தில் மோட்டார் சுருள் புகையும். ஏற்கெனவே ஓடும் ஆலைக்கு மூட்டையாகக் கொண்டுபோய் அரைப்பதுதான் சிக்கனம்.

சாமையில் விலையைக் குறைப்பது கல். தார்ச்சாலையிலும் மண் களத்திலும் கதிரடிப்பதால் சாமையளவே உள்ள பொடிக்கல் கலக்கிறது. சல்லடை பெரிய கல்லையும் மண்ணையும் பிரிக்கும், அதே அளவுக் கல் தப்பிவிடும். அதற்குக் காற்றின் விசையில் எடை பார்த்துப் பிரிக்கும் கல் நீக்கி வேண்டும், ஆலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊரில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தார்ப்பாய்மேல் கதிரடிப்பது, ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைப்பது. பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். ஈரத்தோடு அரைத்தால் உமி முழுதாகப் போகாது, அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி நொய்யாகும். 100 கிலோவுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி வந்தால் ஆலை நன்றாக ஓடுகிறது. தவிட்டோடு இருக்கும் அரிசி இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை அடிக்கும், ஆகவே மொத்தமாக அரைத்து அடுக்காதீர்கள். சாமையாகவே வைத்து, மாதாமாதம் விற்கிற அளவு அரையுங்கள். விதைக்கு திருவண்ணாமலை அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது.

உங்கள் ஊரில் காசு புளியில். அது கைமாறுவது முன்பணத்தில். மார்கழியிலேயே வியாபாரி மரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக விலை பேசி ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துவிடுவார். அப்புறம் எடையும் அவருடையது, விலையும் அவருடையது. 100 கிலோ பழத்தை உடைத்தால் ஏறக்குறைய 55 கிலோ சதை, 33 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். ஓட்டோடு விற்கும்போது இந்தக் கணக்கு வியாபாரிக்குத் தெரியும், விற்பவருக்குச் சொல்லமாட்டார்.

ஆகவே உங்கள் பணத்தின் பெரும்பகுதி சுழல்நிதியாகப் போகட்டும். மகளிர் குழுவின் பெயரில் கணக்கு, உங்கள் பெயரில் வேண்டாம். 40 குடும்பம், ஆளுக்கு 150 கிலோ பழம் என்றால் 6,000 கிலோ, அதில் சதை 3,300 கிலோ. கணக்குக்காக கிலோ 80 ரூபாய் என்று வைத்து, எடை போட்ட அன்றே 70 சதவீதம் கையில் கொடுத்தால் சுமார் 1.85 லட்சம். மீதி 30 சதவீதம் விற்ற பிறகு. முழுப்பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு விலை இறங்கினால் நிதி அங்கேயே செத்துவிடும்.

உடைக்க மரச்சுத்தி, கொட்டை எடுக்க எவர்சில்வர் கத்தி. இரும்பு பட்டால் புளி கறுக்கும். சதையைப் பாயில் இரண்டு நாள் வெயில் காட்டி, கையில் ஒட்டாத பதத்தில் கட்டுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் சிவப்புப் புளி ஆடிக்குள் கருப்பாகிவிடும், பழைய புளி விலைதான் கேட்பார்கள். ஓடு வேய்ந்த அறை போதாது. நாள்பட வைப்பதானால் குளிர்பதனக் கிடங்கில் வாடகைக்கு வையுங்கள், இல்லை சித்திரைக்குள் தள்ளிவிடுங்கள்.

தேன் சின்ன அளவு, சிக்கல் பெரிது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரப்படி ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மலைத்தேன் பல சமயம் 22, 25 என்று நிற்கும். அப்படியே பாட்டிலில் அடைத்தால் நுரைத்து மூடியைத் தள்ளும், சென்னை வாடிக்கையாளர் கலப்படம் என்பார். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் ஈரம் குறையும், கூடவே எச்.எம்.எஃப். (தேன் சூடானால் கூடும் ஒரு வேதிப்பொருள்) ஏறி வேறு சோதனையில் தோற்கும். தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, எடுக்கும் இடத்திலேயே ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். மலைத்தேனீயின் அடையில் தேன் கிளையை ஒட்டிய மேல்பகுதியில், புழு கீழே. தேன் பகுதியை மட்டும் அறுத்து வடிய விட வேண்டும். அடையோடு பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் சேர்ந்து சீக்கிரம் புளிக்கும். இதை ஒழுங்காகச் செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் கோத்தகிரிக்குப் போய் வாருங்கள். கீஸ்டோன் அமைப்பு 1990களிலிருந்து அங்கே தேனில் வேலை செய்கிறது, அதிலிருந்து கிளைத்த ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனமும் இருக்கிறது.

தையல் மெஷின் பற்றி ஒரு வரி: 64 வீட்டுக்கு 10 தையற்காரர் எதற்கு?

பதில் 3: வரவுசெலவு

பணப் பக்கம் மட்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் வசூலிக்காதீர்கள், அது அவர் வருமானமாகத் தெரியும். அறக்கட்டளை பதிந்து, பான் வாங்கி, வருமான வரித் துறையில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு) தற்காலிகப் பதிவு முடிந்த பிறகு தொடங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு கிடைக்காது.

வெளிநாட்டு நண்பர்களில் யாரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் அது அயல்நாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை வைத்திருந்தால், சென்னை வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் அனுப்பினாலும் அது அயல்நாட்டு நிதிதான். எஃப்.சி.ஆர்.ஏ. (அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு செயல்பாடும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள். ஏற்கெனவே பதிவுள்ள வேறொரு அமைப்பிடம் வாங்கி உங்களுக்கு மாற்றித் தரச் சொல்வதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

புளி வியாபாரத்தை அறக்கட்டளைக் கணக்கில் நடத்தாதீர்கள். முதலில் குழுவின் பெயரில். வளர்ந்தால் பத்துப் பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதியலாம்.

அடிவாரம்

மூவருக்கும் நன்றி. கூட்டிப் பார்த்தேன்: ஆசிரியர் 1,20,000, சுண்டல் 88,000, இரவுச் சாப்பாடு 52,500, காகித வேலை ஆள் 48,000, ஆக 3,08,500. சுழல்நிதி 1.85 லட்சம் போட்டால் மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம். தார்ப்பாய், தராசு, ரிஃப்ராக்டோமீட்டருக்கு இடிக்கிறது. நண்பர்களில் ஒருவர் ஓ.சி.ஐ., அவர் பங்கும் போய்விடும். புளி மரங்களில் பாதி காட்டு நிலத்தில் நிற்கின்றன, அதற்கு வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில் 4: சாமைக்களம்

முதல் ஆண்டு 20 குடும்பத்தோடு நிறுத்துங்கள், சுழல்நிதி 92,400 போதும். அடுத்த ஆண்டு அந்தப் பணம் திரும்பி வந்திருக்கும், மேலே சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு 20,000 ரூபாயை ஐப்பசியிலேயே சிறு கைமாற்றாகக் குழு கொடுக்கட்டும். காப்பித் தோட்ட மேஸ்திரி முன்பணத்தோடு வருவது அப்போதுதான். அதை வாங்கிய வீடு பங்குனி வரை திரும்பாது, புளி உலுக்க ஊரில் ஆளிருக்காது.

காட்டு மரங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் வழி. சிறு வனப் பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் அதில் உரிமையே இருக்கிறது, ஆனால் கோரிப் பெற வேண்டும். கிராம சபை கூட்டி வன உரிமைக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சமூக உரிமைக்குப் படிவம் பி. மரங்கள் நிற்கும் இடத்தைக் கையால் வரைந்த வரைபடமும், பெரியவர்களின் வாக்குமூலமும் இணையுங்கள், குறைந்தது இரண்டு சான்று வேண்டும். தீர்மானத்தில் கையெழுத்து எண்ணிக்கை குறைந்தால் கோட்ட அளவிலேயே திரும்பி வரும். உரிமை கிடைத்த பிறகு பொருளை மலையிறக்குவதற்கான போக்குவரத்து அனுமதிச் சீட்டையும் கிராம சபையின் குழுவே தரலாம், அதற்குக் கட்டணம் கிடையாது என்று 2012 விதித் திருத்தம் சொல்கிறது.

தராசை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 100 கிலோ மின்னணுத் தராசு, தொழிலாளர் துறை முத்திரையோடு. முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முகப்பு எண் விற்பவர் பக்கம் பார்த்தபடி வையுங்கள். வியாபாரி மூட்டைக்கு 2 கிலோ சாக்குக் கழிவு என்று பிடிப்பார். எடை தொடங்கும் முன் ஒரு வெறுஞ்சாக்கைத் தராசில் போட்டு எல்லோருக்கும் காட்டுங்கள், அது ஒரு கிலோகூட வராது.