ஏலக்காட்டு ஓடையோரம் நிற்பது பழுப்பு ஈப்பிடிப்பானா, முத்துப்பிள்ளையா?

ஏலக்காட்டான்:
இடுக்கி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். ஓடையோர நிழலில் சிட்டுக்குருவியைவிடச் சின்னதா ஒரு பழுப்புக் குருவி அக்டோபர் கடைசியில இருந்து நிக்குது. கண் பெருசு, சுத்தி வெள்ளை வளையம். இருட்டுற நேரம் தாழ்ந்த கொப்புல இருந்து பூச்சி பிடிக்குது. பறவைப் பட்டியல்ல பழுப்பு ஈப்பிடிப்பான்னு பதியலாமா, முத்துப்பிள்ளைன்னு சொல்ற பழுப்புமார்பு ஈப்பிடிப்பான்னா? படத்துல ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு. அந்த ஓரத்துல களை வெட்ட ஆள் வருது. வெட்டுனா போயிருமா?

கம்பம்மெட்டு:
தம்பி, நிறத்தை நம்பாதீங்க. மர நிழல்ல எல்லாப் பழுப்பும் பச்சையடிக்கும். முதல்ல காலைப் பாருங்க. முத்துப்பிள்ளைக்கு வெளிறிய சதை நிறக் கால். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கறுத்த கால். அடுத்தது கீழ் அலகு. முத்துப்பிள்ளைக்கு அது நுனி வரை மஞ்சள். மத்ததுக்கு அடிப்பகுதி மட்டும் வெளிறி, நுனி கறுத்திருக்கும். மூணாவது, வெள்ளைத் தொண்டையின் ரெண்டு ஓரத்திலும் அலகடியில் இருந்து இறங்குற கருங்கோடு. முத்துப்பிள்ளைக்கு அது தெளிவா இருக்கும், அதுக்குக் கீழ மார்பில் பழுப்புப் பட்டை.

தப்பு நடக்குறது பின்வெளிச்சத்தில்தான். குருவிக்குப் பின்னாடி வானம் இருந்தா எந்தக் காலும் கறுப்பாத்தான் தெரியும். இலையோ மண்மேடோ பின்னணியா வர்ற பக்கம் நின்னு, பக்கவாட்டுப் படம் ஒண்ணு, அலகு தெரியக் கீழிருந்து ஒண்ணு எடுங்க. ஃபிளாஷ் வேண்டாம். செந்தவிட்டு வாலோடு முகத்தில் கோடே இல்லைன்னா அது செவ்வால் ஈப்பிடிப்பான். இமயத்தில் இருந்து அதுவும் நம்ம மலைக்கு வரும்.

சித்தூர்_வயல்:
நடத்தையும் கைகொடுக்கும். பழுப்பு ஈப்பிடிப்பான் கொஞ்சம் திறந்த இடத்தில், உயரமான காய்ந்த கொப்பில் உட்கார்ந்து, பறந்து பிடித்துவிட்டு அதே கொப்புக்குத் திரும்பும். முத்துப்பிள்ளை அடர்ந்த புதரோரம், தாழ்வாக, சத்தமில்லாமல் இருக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு. குரல் மெலிந்த 'சிட், சிட்'. ஓடைச் சத்தத்தில் அமுங்கிவிடும்.

முத்துப்பிள்ளை கூடு கட்டுவது வடகிழக்கு இந்தியா, வடக்கு மியான்மர், தென்சீன மலைகளில். குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும். பழுப்பு ஈப்பிடிப்பானில் சில மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கூடு கட்டும். அதனால் ஜூனில் ஒன்றைப் பார்த்தால் முத்துப்பிள்ளை என்று பதிந்துவிடாதீர்கள்.

முத்துப்பிள்ளையின் அறிவியல் பெயரில் உள்ள 'முத்துயி' ஒரு தமிழரின் பெயர். இலங்கையின் பருத்தித்துறையில் இந்தக் குருவியைக் கொண்டுவந்து கொடுத்த தன் பணியாள் முத்துவின் நினைவாகப் பறவை ஆய்வாளர் லேயார்டு 1854இல் சூட்டினார். கொண்டுவந்தவருக்கே பெயர் போனது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஏலக்காட்டான்:
இலைப் பின்னணியில பாத்தேன் அண்ணே. கால் வெளிறித்தான் இருக்கு, கீழ் அலகு முழுக்க மஞ்சள். களை விஷயம்?

கம்பம்மெட்டு:
அப்ப முத்துப்பிள்ளைன்னே பதியுங்க, படத்தையும் சேருங்க.

களையைத் தட்டையை, அதான் ஏலச்செடித் தூரை, சுத்தி மட்டும் எடுக்கச் சொல்லுங்க. செடிக்கு அது போதும். ஓடைக்கரைப் புதரை மார்ச் முடியிற வரை தொடாதீங்க. இது மறைவில்லாத இடத்துல தங்காது. கரையை மொட்டையடிச்சா மழைக்கு மண்ணும் அரிச்சுட்டுப் போகும். நிழல்மரக் கவாத்து எப்படியும் மே, ஜூன்லதான், அதுக்குள்ள குருவி கிளம்பிரும். பெரிய கெடுதல் மருந்தடிப்பு. ஓடையோர வரிசையை விட்டுட்டு அடிங்க. பூச்சி செத்தா அதுக்கு அங்க தின்ன ஒண்ணுமில்லை, மருந்தும் தண்ணியில இறங்கும்.

சித்தூர்_வயல்:
ஒன்று மட்டும். செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். இரை தேடுவதே அந்தியின் கொஞ்ச நேரம்தான். அதையும் நாம் கெடுத்துவிடக் கூடாது.