ஞாயித்துக்கிழமை யாருக்கு? மாரத்தான் ஓடுறவங்க வீட்டு அனுபவம்

சென்னை மாரத்தான்ல முதல் தடவையா ஃபுல் ஓடி முடிச்சேன், 42.195 கிலோமீட்டர், நாலு மணி 52 நிமிஷம். ரேஸப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. அதுக்கு முந்தின அஞ்சு மாசம் வீட்ல என்ன நடந்துச்சுன்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதனால அத எழுதறேன்.

ரேஸ் ஜனவரி மொத வாரம், ட்ரெயினிங் ஆகஸ்ட்ல ஆரம்பிக்கணும். அப்ப லாங் ரன் (வாரத்துக்கு ஒரு தடவை ஓடுற நீள ஓட்டம்) எல்லாம் ஆகஸ்ட் செப்டம்பர் புழுக்கத்துலதான் வந்து விழும். வெயில் ஏறிட்டா ஓட முடியாது, அதுக்காக ஞாயித்துக்கிழமை மூணரைக்கு எந்திரிக்கணும், மூணரைக்கு எந்திரிக்கணும்னா சனிக்கிழமை எட்டரைக்கே படுக்கணும். "வாரத்துக்கு ஏழு மணி நேரம்தான் ஓடுறேன், அவனவன் அதவிட அதிகமா ஃபோன் பாக்குறான்"னு வீட்ல சொல்லிட்டே இருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கயும் போகாதது அந்த ஏழு மணி நேரத்துல வராது, ஞாயிறு மத்தியானம் அடிச்சுப் போட்ட மாதிரி நாலு மணி வரை தூங்குனது வராது, பொண்ணு கணக்கு நோட்டோட வந்து நின்னா எரிஞ்சு விழுந்தது வராது.

செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மாமனாருக்கு தெவசம். மச்சான் விழுப்புரத்துல இருந்து முந்தின நாளே வந்துட்டான். எட்டு மணிக்கு கடற்கரைக்குப் போகணும், ஐயர்கிட்ட சொல்லியாச்சு, கார் ஓட்டுறது நான்தான். அன்னைக்கு எனக்கு 28 கிலோமீட்டர் இருந்துச்சு. திருவான்மியூர்ல இருந்து ஈசிஆர்ல உத்தண்டி டோல்கேட் தாண்டிப் போய்த் திரும்பணும், ஏழரைக்குள்ள வந்துடலாம்னு கணக்குப் போட்டுக் கிளம்பிட்டேன். திரும்பி வர்றப்ப நீலாங்கரைகிட்ட ரெண்டு கெண்டைக்காலும் பிடிச்சுக்கிச்சு, உப்பு போட்ட தண்ணி தீந்துபோச்சு, வெறும் தண்ணியா வாங்கிக் குடிச்சு நடந்தே வந்தேன். ஃபோன் சார்ஜும் போயிடுச்சு. வீட்டுக்குள்ள நுழையறப்ப ஒன்பது இருபது. எல்லாரும் ஆட்டோ பிடிச்சுப் போயி காரியத்த முடிச்சு வந்து உக்காந்திருந்தாங்க. மாமியார் ஒரு வார்த்தை கேக்கல. "கால் வலிக்குதாப்பா"ன்னு கேட்டு காபி கொண்டுவந்து குடுத்தாங்க. அந்தக் காபிய என்னால குடிக்க முடியல.

என் மனைவி அன்னைக்கு சண்டை போடல. ராத்திரி பால் கணக்கு எழுதுற மாசக் காலண்டர ஆணியில இருந்து கழட்டிட்டு வந்து முன்னாடி வெச்சா. கேஸ் புக் பண்ண தேதி, ஸ்கூல் ஃபீஸ் தேதி எல்லாம் அதுலதான் எழுதுவா. ஆகஸ்ட்ல இருந்து எட்டு ஞாயித்துக்கிழமை. "இதுல எத்தனை நாள் காலைல நீங்க வீட்ல இருந்தீங்க, நீங்களே எண்ணுங்க"ன்னா. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.

ரேஸ விட்டுடறேன்னு சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். அவ ஒத்துக்கல, விட்டா காலம்பூரா அது என் தலையில வந்து விழும்னு சொல்லிட்டா. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து ப்ளானையே மாத்தினோம். எனக்கு சனிக்கிழமை ஆபீஸ் லீவு, அவளுக்கும் பொண்ணுக்கும் மத்தியானம் வரைக்கும் ஸ்கூல் (அவ டீச்சர்), அதனால லாங் ரன் சனிக்கிழமைக்குப் போச்சு. அஞ்சு நாள் ஓட்டம் நாலாச்சு. நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு வெச்சிருந்த டார்கெட்ட எடுத்துட்டேன், அது கொஞ்சம் வலிச்சுது. ஞாயித்துக்கிழமை காலைல கறிக்கடை, சமையல் எல்லாம் என் பொறுப்பு, அவ அந்த நேரத்துல ரொம்ப வருஷமா போகணும்னு சொல்லிட்டிருந்த நீச்சல் க்ளாஸ்ல சேந்தா.

ரேஸ் அன்னைக்கு நேப்பியர் பாலத்துல நாலு மணி இருட்டுல கிளம்புனது நல்லாத்தான் இருந்துச்சு. 32 கிலோமீட்டருக்கு மேல ஒடம்புல சேத்து வெச்ச சக்கரைச் சத்து தீந்துடும்னு படிச்சிருக்கேன், எனக்கு 33ல கால் ரெண்டும் யாரோ வேற ஆளு கால் மாதிரி ஆயிடுச்சு. ரோட்டோரமா என் பொண்ணு நின்னா, கையில கடலை மிட்டாய். ரொம்ப நேரமா இறுக்கிப் பிடிச்சிருந்ததுல வெல்லம் உருகி அவ விரலெல்லாம் ஒட்டிக்கிச்சு. நின்னு வாங்கி சாப்பிட்டுட்டு, அவகூட ரெண்டு நிமிஷம் பேசிட்டுத்தான் போனேன். இந்த வருஷம் ஹாஃப், அதாவது பாதி தூரம் மட்டும்தான். வேற யாராவது வீட்டு அனுபவத்த எழுதுங்க.

———

காலண்டர் மேட்டர படிச்சதும் எனக்கு 2023 ஞாபகம் வந்துடுச்சு. நாங்க மும்பை செம்பூர்ல இருக்கோம், அப்பா காலத்துல இருந்தே இங்கதான். மும்பை மாரத்தான் வழக்கமா ஜனவரி மூணாவது ஞாயிறு. கொரோனாவால மூணு வருஷம் கழிச்சு திரும்ப வெச்சது 2023 ஜனவரி 15. அன்னைக்குத்தான் பொங்கல். எங்க வீட்ல பொங்கல்னா விளையாட்டு இல்ல, அம்மா பால்கனியில கோலம் போட்டு, கரும்பு கட்டி, நேரம் பாத்துத்தான் பானை ஏத்துவாங்க. நான் மூத்த பையன்.

ஒரு மாசம் சொல்லாம இருந்தேன், அது தப்பு, இப்பவும் வருத்தமா இருக்கு. டிசம்பர் கடைசியில சொன்னேன். அம்மா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் "பானை பொங்கறப்ப நீ இல்லாட்டி பரவால்ல, சாப்பிட உக்காரறப்ப இருக்கணும்"னாங்க. அவ்ளோதான் பேச்சு.

ஸ்பெஷல் லோக்கல் ட்ரெயின் பிடிச்சு, ரேஸ் கிளம்புற சிஎஸ்எம்டி ஸ்டேஷன் போயி ஓடுனேன். கடல் மேல போற சீ லிங்க் பாலத்துல விடியறத வார்த்தையில சொல்ல முடியாது. திரும்பி வர்றப்ப பெடர் ரோடு ஏத்தம், 35 கிலோமீட்டருக்கு மேல வருது, அங்க முக்காவாசிப் பேர் நடப்பாங்க, ரோட்டோரம் யாரு எவருன்னு தெரியாத ஜனங்க ஆரஞ்சு சுளையும் உப்பும் நீட்டுவாங்க. நான் அதுல ஓடியே ஏறினேன், மணி ஒண்ணேதான் மனசுல இருந்துச்சு. மெடல் வாங்கி ஒரு ஃபோட்டோகூட எடுக்காம டாக்ஸி பிடிச்சேன். பன்னெண்டேகாலுக்கு வீட்டுக்குள்ள போறேன், எல்லாருக்கும் இலை போட்டு வெச்சிருக்காங்க, பரிமாறாம உக்காந்திருக்காங்க. என்னால சம்மணம் போட முடியல, அம்மா என் இலைய மட்டும் ஸ்டூல் மேல எடுத்து வெச்சாங்க.

———

அண்ணாங்க ரெண்டு பேரும் எழுதுனது உண்மைங்க, ஒவ்வொரு வரியும் புரியுது. ஆனா என்னோடது கொஞ்சம் வேற, அதையும் சொல்லிக்கிறேன். கோயம்புத்தூர், ரெண்டு பசங்க, வயசு 39. கோயம்புத்தூர் மாரத்தான்ல ஹாஃப் ஓடறேனுங்க.

நீங்க ஓடிட்டு வந்து லேட்டானா வீட்ல வருத்தப்படுவாங்க. நான் ஓடப் போகணும்னா மொதல் நாளே மாவு ஆட்டி வெச்சிருக்கணும், சட்னிக்குத் தேங்கா துருவி வெச்சிருக்கணும், யூனிஃபார்ம் அயர்ன் பண்ணியிருக்கணும், அப்பத்தான் ஷூவையே எடுக்க முடியுது. அத்தை "பொம்பளைக்கு எதுக்குடி இந்த ஓட்டம்"னு முகத்துக்கு நேராவே கேட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். 1967ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான்ல காத்ரின் ஸ்விட்சர்னு ஒரு பொண்ணு சட்டையில ரேஸ் நம்பர் குத்திட்டு ஓடுனதுக்கு, ரேஸ் நடத்துறவரே ஓடி வந்து அவங்கள வெளிய இழுக்கப் பாத்தாரு. ஒலிம்பிக்ஸ்ல பொம்பளைங்க மாரத்தான் வந்ததே 1984லதான். ஊரு உலகமே அப்படித்தான் இருந்திருக்கு, எங்க அத்தை என்ன பண்ணுவாங்க.

மாறுனது எங்க மாமனாராலதானுங்க. இங்க ரேஸ் கோர்ஸ் ரோட்டுல ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர் சொச்சம் வரும். இருட்டுல நான் தனியா ஓடறேன்னு அவர் ஸ்வெட்டர் போட்டுட்டு, ஃப்ளாஸ்க்குல சுக்குக் காபியோட வந்து ஒரே பெஞ்சுல உக்காந்துக்குவாரு. நான் ஒவ்வொரு சுத்து வர்றப்பவும் ஒரு விரல மடக்கிக் காட்டுவாரு. வீட்ல வந்து "இன்னைக்கு ஏழு சுத்து ஓடுச்சு"ன்னு அத்தைகிட்ட அவரே சொல்லுவாரு, பெருமையா. இப்ப ரெண்டு மாசமா சனிக்கிழமை மாவு ஆட்டுறது எங்க வீட்டுக்காரரு. உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், நான் வாயத் தொறக்கறதில்லீங்க. வர்ற ஞாயிறு 18 கிலோமீட்டர் இருக்கு, அத்தையும் ஒரு சுத்து நடந்து பாக்கறேன்னு செருப்பு வாங்கி வெச்சிருக்காங்க.