தியோபோரிக் பெயர்களுக்கு "இறைதாங்கி" வேண்டாம், "தெய்வம்பொதி பெயர்" சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

விவிலியத்தில் வரும் தானியேல், எலியா, யோனத்தான் மாதிரி தெய்வத்தின் பெயரையே ஓர் உறுப்பாக உள்ளே வைத்துக் கட்டிய ஆள்பெயர்களை ஆங்கிலத்தில் தியோபோரிக் நேம் என்கிறார்கள். இதற்குத் தமிழில் தெய்வப்பெயர், இறைதாங்கி, இறைப்பெயரொட்டு என்று மூன்று சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. மூன்றையும் நேற்று இரவு கட்டுரை வரைவில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் உட்காரவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

> சாமி பேர் என்று ஊரில் சொல்வதுதானே, தெய்வப்பெயர் என்றே வைத்துவிடலாம்

ஐயா, நம் ஊரில் சாமி பேர் வைப்பது என்றால் முருகன், மாரியம்மாள், சுடலை என்று தெய்வத்தின் பெயரை அப்படியே முழுசாகப் பிள்ளைக்கு வைப்பது. எபிரேயர் அப்படிச் செய்ததில்லை. அவர்கள் கடவுளின் பெயர் யாவே, சுருக்கமாக யா. யாவே என்று எவரும் பிள்ளைக்குப் பேரிடவில்லை. அவர்கள் வைத்தது பெரும்பாலும் ஒரு குட்டி வாக்கியம். தானியேல் என்றால் "கடவுளே என் நீதிபதி". மிகாவேல் என்றால் "கடவுளுக்கு நிகர் யார்?" என்ற கேள்வி. இஸ்மவேல் என்றால் "கடவுள் கேட்கிறார்". அந்த வாக்கியத்தில் தெய்வம் ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டிய சொல்லில் இந்த "உள்ளே" என்பது தெரிய வேண்டும். தெய்வப்பெயர் என்றால் தெய்வத்தின் பெயர் என்றுதான் யாரும் படிப்பார்கள்.

பெயரொட்டு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சோடி போதும். எலியா என்பது "என் கடவுள் யா". யோவேல் என்பது "யாவே கடவுள்". அதே இரண்டு கூறுகள், இடம் மட்டும் மாறியிருக்கிறது. யோனத்தான், நெத்தானியா இரண்டும் அப்படியே: "யா கொடுத்தார்", "கொடுத்தார் யா". இதில் எதை ஒட்டு என்பது, எதில் எதை ஒட்டியது? இரண்டும் முழுச் சொற்கள். முன்னால் வந்தால் யோ, பின்னால் வந்தால் யா, அவ்வளவே வேறுபாடு. எசேக்கியா அரசரையும் எசேக்கியேல் தீர்க்கதரிசியையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. குழப்பத்தில் நியாயம் இருக்கிறது, இரண்டு பெயரிலும் இருப்பது "பலப்படுத்துதல்" என்ற ஒரே வேர்தான், ஒன்றில் யா, மற்றதில் ஏல்.

இந்த ஏல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கலைச்சொல் பட்டியல் வரைவில் "வேல் என முடியும் பெயர்கள்" என்று ஒரு வரி பார்த்தேன். சிறுவயதில் நானும் சாமுவேலையும் சக்திவேலையும் ஒரே வகை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வகரத்துக்கும் எபிரேயத்துக்கும் சம்பந்தமில்லை, அது நம் இலக்கணம். எபிரேயக் கூறு ஏல், அதாவது கடவுள். தமிழ் விவிலிய வடிவங்களைப் பிரித்துப் பாருங்கள்: தானி + ஏல் தானியேல், கபிரி + ஏல் கபிரியேல், எசேக்கி + ஏல் எசேக்கியேல். இகரத்துக்குப் பின் யகரம். சாமு + ஏல் சாமுவேல், யோ + ஏல் யோவேல், மிகா + ஏல் மிகாவேல், இஸ்ர + ஏல் இஸ்ரவேல். மற்ற உயிர்களுக்குப் பின் வகரம். பள்ளியில் படித்த உடம்படுமெய் விதி அச்சுப் பிசகாமல் நிற்கிறது! இதைக் கவனித்த அன்று எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துபோனது. ஆகவே பட்டியலில் வேல் என்று பிரிக்காதீர்கள், ஏல்-கூறு, யா-கூறு என்றே எழுதுவோம். பொதுவாகச் சொல்ல "தெய்வக்கூறு" போதும்.

அடுத்தது இறைதாங்கி. இதில் எனக்கு இரண்டு தடைகள். தாங்கி என்றதும் இடிதாங்கி, சுமைதாங்கி என்று ஒரு பொருள்தான் கண்முன் வருகிறது. தியோபோரிக் என்பதன் கிரேக்க மூலத்தில் "சுமத்தல்" இருக்கிறது என்பதற்காக நாமும் சுமக்க வேண்டியதில்லை.

பெரிய தடை இறை என்ற பகுதி. இறையியல், இறைவாக்கினர் என்று கிறித்தவத் தமிழில் அது ஒரே கடவுளைக் குறித்துப் பழகிவிட்டது. ஆனால் இந்தப் பெயர்களின் வரலாறே ஒரு தெய்வத்தோடு நிற்பதில்லை. இஸ்ரவேலின் முதல் அரசன் சவுலின் மகன் ஒருவனை விவிலியத்தின் 1 நாளாகமம் என்ற நூல் எஸ்பால் என்கிறது, "பாலின் மனிதன்". பால் என்பது நம் விவிலியத்தில் பாகால் என்று வரும் அதே கானானியத் தெய்வம். அதே ஆளை 2 சாமுவேல் நூல் இஸ்போசேத் என்கிறது. போசேத் என்றால் வெட்கக்கேடு. யோனத்தானின் மகன் மெரிபாலும் இப்படித்தான் மேவிபோசேத் ஆகிறான். பாகாலின் பெயரை எழுதக் கை கூசிய பிற்கால எழுத்தர்கள் அந்த இடத்தில் வெட்கம் என்று எழுதினார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் விளக்கம். இது வெறும் ஊகம் என்று தள்ளவும் முடியாது. எருசலேமுக்குத் தென்மேற்கே கிர்பெத் கெயாஃபாவில் 2012இல் கிடைத்த ஒரு சாடியின் உடைசல்களை ஒட்டிப் படித்தபோது, சுடுவதற்கு முன்பே களிமண்ணில் கீறிய எழுத்தில் "இஸ்பால், பேதாவின் மகன்" என்று இருந்தது. 2015இல் வெளியிட்டார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 1000. இவன் சவுலின் மகன் அல்ல, வேறு ஆள். ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெயர் சாதாரணமாகப் புழங்கியது என்பதற்கு அந்தச் சாடியே சாட்சி. இந்தப் பெயரை இறைதாங்கி என்று எழுதினால் வாசகர் தயங்குவார். தெய்வம் என்றால் தயக்கமில்லை, பாகாலும் தெய்வம், பாபிலோனியரின் நேபோவும் தெய்வம்.

நேபோவைச் சொன்னதும் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரம். தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா என்று நான்கு இளைஞர்கள். நான்கு பெயரிலும் ஏல் அல்லது யா. பாபிலோனில் அவர்களுக்கு வைத்த பெயர்கள் பெல்தெஷாத்சார், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. கடைசிப் பெயர் "நேபோவின் அடிமை" என்பதன் திரிபு என்பார்கள். ஆள்பவன் பெயரை மாற்றினால் கூறும் மாறுகிறது. அந்த பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் பெயரே நேபோவை அழைத்து "என் வாரிசைக் காப்பாற்று" என்று கேட்கும் வாக்கியம். ஆக, நம் சொல் அடிமைப்பட்டவனின் பெயருக்கும் அரசனின் பெயருக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும். நாளைக்கு யாராவது சுடலைமுத்து, மாரிமுத்து, தேவசகாயம் பற்றி எழுதினாலும் அதே சொல் உதவ வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது: தெய்வம்பொதி பெயர். வினைத்தொகை, காலம் காட்டாது. பொதிதல் என்றால் உள்ளே வைத்து நிறைந்திருத்தல். குறுந்தொகையில் "அமிழ்துபொதி செந்நா" என்று வருவது நினைவிருக்கும், அமிழ்தத்தை உள்ளே கொண்ட சிவந்த நாக்கு. அமிழ்து நாக்கில் இருப்பது போலத் தெய்வம் பெயரில் இருக்கிறது. கணினித் தமிழில் உட்பொதி என்று சொல்லிப் பழகியும் விட்டோம், அதனால் புதிதாகப் படிப்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நீளமாக இருக்கிறது என்று அக்கா தனிமடலில் சொன்னார். உண்மைதான், இறைதாங்கியைவிட நீளம். கட்டுரையில் முதல் முறை முழுசாகச் சொல்லிவிட்டு அப்புறம் பொதிபெயர் என்று சுருக்கிக்கொள்ளலாமே.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. யூதாவின் அரசன் ஆகாஸ் என்றால் "பற்றிக்கொண்டார்", யார் என்று பெயரில் இல்லை. ஆனால் அவன் கப்பம் கட்டிய அசீரிய அரசன் மூன்றாம் திக்லாத்பிலேசரின் கல்வெட்டில் அவன் பெயர் யவுகாசி, அதாவது யோவாகாஸ். முழுப்பெயரில் யா இருந்திருக்கிறது, வழக்கில் உதிர்ந்துவிட்டது. நாத்தான் என்ற பெயரும் இப்படிச் சுருங்கியதாக இருக்கலாம். இப்படிப்பட்டவற்றைக் "கூறு உதிர்ந்த பெயர்" என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். உதிர்பெயர் என்று இன்னும் சுருக்க ஆசை, ஆனால் பெயரே உதிர்ந்தது போல ஒலிக்கிறது, அதனால் வேண்டாம்.

கத்தோலிக்க மரபில் யோவானை அருளப்பர் என்று அழைத்ததை ஒருவர் கேட்டிருந்தார், அதுவும் பொதிபெயரா என்று. யோவானின் எபிரேய மூலமான யோகனான் என்றால் "யா அருள் கூர்ந்தார்". தமிழில் அருள் வந்தது, யா வரவில்லை, அப்பர் என்ற மதிப்புச் சொல் அந்த இடத்தில் வந்திருக்கிறது. எனவே என் கணக்கில் அது மொழிபெயர்த்த பெயர், பொதிபெயர் அல்ல. இதில் எதிர்க்கருத்து இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

வரைவில் இப்போதைக்கு தெய்வம்பொதி பெயர், தெய்வக்கூறு, கூறு உதிர்ந்த பெயர் என்ற மூன்றையும் போட்டு வைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், முடிந்தால் எஸ்பாலையும் நேபுகாத்நேச்சாரையும் உங்கள் சொல்லில் எழுதிக் காட்டிச் சொல்லுங்கள்.