வீட்டு இணையத்துக்கு விபிஎன் தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம். வீட்டில் ஃபைபர் இணைப்பு, நாலு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, அவ்வளவுதான். யூடியூப், மின்கட்டணம், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, இதைத் தாண்டி எதுவும் இல்லை. போன வாரம் மச்சான் வந்து, "என்ன மாமா, விபிஎன் இல்லாமலா பேங்க் வேலை பார்க்கிறீங்க, எவனாவது பாஸ்வேர்டை உருவிடுவான்" என்று பயமுறுத்திவிட்டுப் போனான். சரியென்று இலவச விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புகிற ஆப்) ஒன்றை எல்லா போனிலும் போட்டேன். மறுநாள் காலை அப்பா சிலிண்டருக்குப் பணம் கட்டப் பார்த்தால் பேங்க் ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது, விபிஎன்னை அணைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

எனக்குப் புரிந்தவரை, தளத்தின் முகவரியில் ஹெச்டிடிபிஎஸ் இருந்தாலே பாஸ்வேர்டு பூட்டித்தான் போகிறது, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதுதான் இணைப்பு கொடுப்பவருக்குத் தெரியும். விபிஎன் போட்டால் அது விபிஎன்காரருக்குத் தெரியும். பார்க்கிற ஆள் மாறுகிறார், வேறென்ன? விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும் எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட் விபிஎன் எல்லாம் இங்கிருந்த சர்வர்களையே தூக்கிவிட்டன (இலவசமாகக் கொடுப்பவர் எதில் சம்பாதிக்கிறார் என்பது தனிக் கவலை).

வெளியூரில் லாட்ஜ் வைஃபை என்றால் சரி, வீட்டுக்கு மட்டும் யாராவது காசு கொடுத்து வைத்திருக்கிறீர்களா, எதற்காக? ரவுட்டரில் பழைய பாஸ்வேர்டை மாற்றி, அப்டேட் போட்டு, பேங்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இன்னொன்றும் கேட்பது) வைத்தால் போதாதா? மச்சான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறான், அதற்குள் சொன்னால் நல்லது.