லோ ஆங்கிள் வெச்சும் தறி மெரட்ட மாட்டேங்குது, உதவுங்க

நூல்கண்டு: அவசரமுங்க, திங்கக்கெழமை கொடுக்கோணும். 3 நிமிச அனிமேஷன். கடன்பட்டு விசைத்தறி வாங்குன அப்பாரு (தாத்தாவுங்க), கடைசில தறிக்கே அடிமையாயிர்றாரு. தறி மெரட்டோணும், அப்பாரு சிறுசாகோணும். கேமராவத் தரையிலயே வெச்சுட்டேன், அப்பவும் பொம்மைத் தறியாட்டத்தான் தெரியுது. என்ன பண்றது?

நொய்யல்கரை: எந்த சாஃப்ட்வேருங்க? லென்ஸ் எத்தன எம்எம்? தறிக்கும் கேமராவுக்கும் எத்தன அடி?

சிமெண்ட்ஷீட்: வேர்ல்ட் கலர், அதான் சுத்துப்புற வெளிச்சத்தோட நெறம், என்ன? லைட்டு எத்தன? படம் போடாம கேட்டா ஜோசியமா பாக்கறது?

நூல்கண்டு: ப்ளெண்டர் 4.2ங்க, ரெண்டர் போடறது அதுலயே இருக்கற ஈவில. லென்ஸத் தொடவே இல்லீங்க. இருட்டா இருந்துச்சுன்னு வேர்ல்ட வெள்ளையாக்கிட்டேன். லைட்டு அஞ்சு.

நொய்யல்கரை: தொடலைன்னா 50 எம்எம். தறி முழுசும் அடங்கட்டும்னு பின்னால போயிருப்பீங்க. தூரம் கூடுனா முன்சட்டமும் பின்சட்டமும் ஒரே அளவாயிரும், தறி தட்டையாத் தெரியும். 24க்கு மாத்தி 3 அடிக்குக் கிட்டப் போங்க. உயரம் 1 அடி, 20 டிகிரி அண்ணாந்து பாக்கட்டும். தறி மேல்பக்கம் ஃப்ரேம்ல வெட்டுப்படும், படட்டும். முழுசாத் தெரியறது மெரட்டாது.

சிமெண்ட்ஷீட்: லென்ஸ் அப்பறங்க. வெள்ளை வேர்ல்டு எல்லா நெழலையும் தின்னுருச்சு. அதக் கறுப்பாக்கி அஞ்சு லைட்டையும் அணைங்க. ஒரே ஒரு பாயிண்ட் லைட்ட தறிக்குப் பின்னால வெச்சு, சட்டத்தோட நெழல அப்பாரு மூஞ்சி மேல விழுக வைங்க. லைட்டோட ரேடியஸ் 0.05 மீட்டர்னா நெழல் ஓரம் கத்தியாட்ட நிக்கும், 1 மீட்டர்னா கரைஞ்சிரும். நெழல் முழுக் கறுப்பாகாம இருக்க எதிர்ப்பக்கம் ஒரு ஃபில் லைட்டு வேணும்னா, அது மூஞ்சில எட்டுல ஒரு பங்கு விழுந்தாப் போதும். லைட்டோட வாட்ஸ மட்டும் பாத்து வெக்காதீங்க, தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணு.

ஃப்ரேம்24: இதெல்லாம் அரிச்சுவடி. கேட்க வேண்டியதை ஒருத்தரும் கேட்கவில்லை: முந்தைய ஷாட்டில் கேமரா எந்த உயரம்? எல்லா ஷாட்டும் தரையில் என்றால் கண் பழகிவிடும், லோ ஆங்கிளுக்கு அர்த்தமே இருக்காது. தறி வந்திறங்கும் காட்சியைத் தாத்தாவின் கண் மட்டத்தில் வையுங்கள். கடன் ஏற ஏற, ஷாட்டுக்கு அரை அடி இறக்குங்கள். தாத்தாவை மட்டும் மேலிருந்து எடுங்கள். அவரையும் கீழிருந்து எடுத்தால் வீரனாகிவிடுவார், கதை கவிழ்ந்தது. வால்-ஈ அனிமேஷன் படத்துக்கு ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டது சும்மா இல்லை.

நொய்யல்கரை: டீக்கின்ஸ் இருக்கட்டுமுங்க. கூரைல ஒரு கண்ணாடி ஓடு போட்டு வெயில் இறக்குங்க. காத்துல மெல்லிசாப் பொகை மாதிரி வால்யூம் வெச்சு, டென்சிட்டி 0.02 குடுங்க. பஞ்சு பறக்கறது அந்தக் கதிர்ல தெரியும்.

சிமெண்ட்ஷீட்: தறி குடோன்ல ஏதுங்க கண்ணாடி ஓடு? சிமெண்ட் ஷீட்டுக்கு நடுவால ஃபைபர் ஷீட்டு. வெளிச்சம் பரவித்தான் வரும், கதிரெல்லாம் வராது.

நொய்யல்கரை: ஓடு வேஞ்ச பழைய தறிச்சாலைல வரும்.

ஃப்ரேம்24: கதிரைச் சாய்க்கும்போது மாதத்தையும் பாருங்கள். கதை கோவைப் பக்கம் என்றால், அது 11 டிகிரி வடக்கு அட்சரேகை. சித்திரை உச்சிவேளையில் வெயில் ஏறக்குறைய செங்குத்து, மார்கழி உச்சிவேளையில் 56 டிகிரி உயரம்தான்.

சிமெண்ட்ஷீட்: படம் பாக்கறவன் பாகைமானியோடவா வருவான்?

ஃப்ரேம்24: கோணம் கண்ணுக்குத் தெரியும். காரணம்தான் தெரியாது.

நூல்கண்டு: 24 எம்எம், கறுப்பு வேர்ல்டு, ஒத்த லைட்டு. இப்ப மெரட்டுது. முன்னாடி ஷாட்டெல்லாம் கண்மட்டத்துக்கு ஏத்தி மறுக்கா ரெண்டர் போடோணும், போறனுங்க.

சிமெண்ட்ஷீட்: கூரை ஃபைபர் ஷீட்டுத்தானுங்களே?