ஆன்லைன் விற்பனை: விளம்பரம் போட்டாலும் நஷ்டம், நிறுத்தினாலும் நஷ்டம்

சென்னிமலை பெட்ஷீட்டை ஆன்லைன் தளம் ஒன்றில் 649 ரூபாய்க்கு விற்கிறேன். கமிஷன், கூரியர் எல்லாம் போக ஒன்றுக்கு 110 ரூபாய்தான் கையில் நிற்கும். அந்தத் தளத்திலேயே காசு கட்டித் தேடலில் முன்னால் காட்டும் ஸ்பான்சர்டு விளம்பரத்தை 45 நாள் ஓட்டியதில் 6,300 ரூபாய் போனது. கிளிக்குக்கு 6 ரூபாய் வீதம் 1,050 கிளிக், வந்தது 14 ஆர்டர். அதாவது ஓர் ஆர்டருக்கு 450 ரூபாய்! (அந்த 6,300 ரூபாய்க்கு நாலு பேருக்குப் பெட்ஷீட்டைச் சும்மாவே கொடுத்திருக்கலாம்.)

எந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்டுவது என்று தளமே முடிவு செய்யும் ஆட்டோவிலிருந்து, நானே தேர்ந்தெடுக்கும் மேனுவலுக்கு மாற்றினேன். 'பாலியஸ்டர்' மாதிரி என் பொருளுக்குப் பொருந்தாத தேடல்களில் விளம்பரம் வராதபடி நெகட்டிவ் கீவேர்டில் போட்டேன். படங்களையும் புதிதாக எடுத்தேன். கிளிக் குறைந்தது, ஆர்டர் ஏறவில்லை. சரி என்று போன வாரம் நிறுத்தினால், விளம்பரம் இல்லாமலே தினம் வந்த 2 ஆர்டரும் நின்றுபோனது. ரிவ்யூ மொத்தம் 9தான்.

குறைந்த லாபத்தில் விற்பவர்கள் சொல்லுங்கள்: ரிவ்யூ சேரும்வரை நஷ்டத்தைத் தாங்கி விளம்பரத்தைத் தொடரலாமா?