போக்கர் ரூமில் எந்த டேபிளை வழியோரம் போடுவார்கள்?

வழிப்போக்கன்:
வேலை விஷயமாக லாஸ் வேகஸ் போயிருந்தேன். சூதாடும் பழக்கம் இல்லை, வேடிக்கை பார்ப்பதோடு சரி. பெலாஜியோ காசினோவில் போக்கர் ரூம், பந்தயம் கட்டும் ஸ்போர்ட்ஸ்புக்கை ஒட்டி இருக்கிறது. சின்னப் பணம் ஆடுகிறவர்கள் நடைபாதைப் பக்கம், பெரிய பணம் கண்ணாடி அறைக்குள். இதில் ஏதாவது கணக்கு உண்டா? ஆள் பிடிக்கத்தான் என்றால் வாசலிலேயே போட்டிருக்கலாமே, ஏன் ஸ்லாட் மெஷின்களைத் தாண்டி இவ்வளவு உள்ளே?

பழைய டீலர்:
கணக்கு உண்டு. நான் வேகஸில் சீட்டுப் போடும் போக்கர் டீலராக இருந்து, அப்புறம் ஃப்ளோர் பார்த்தவன். எந்த டேபிளை எப்போது திறப்பது, யாரை எங்கே உட்கார வைப்பது, எதை மூடுவது, இதெல்லாம் ஃப்ளோர் ஆளின் வேலை. எந்தக் காசினோ என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாசல் ஏன் கிடைக்காது? போக்கரில் காசினோ ஆடுவதே இல்லை. ஆடுகிறவர்கள் ஒருவர் பணத்தை இன்னொருவர் ஜெயிக்கிறார்கள்; காசினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து சில டாலர் ரேக் என்று கமிஷன் எடுக்கும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மணிக்கு 25, 30 ஆட்டம் நடந்தால் பெரிது. அந்த வரும்படியில்தான் டீலர், ஃப்ளோர், காஷியர் சம்பளம், ஆடுகிறவர்களுக்கு இலவச சரக்கு எல்லாம். அதே இடத்தில் நாலு ஸ்லாட் மெஷின் வைத்தால் சம்பளம் கேட்காமல் இராப்பகலாகச் சம்பாதித்துக் கொடுக்கும். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையப் போட்டி வழியாக போக்கர் உலகத் தொடருக்கு (WSOP) வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார் அல்லவா, அதற்குப் பிறகு ஊர் முழுக்க போக்கர் ரூம் திறந்தார்கள். அலை வடிந்ததும் நிறைய மூடிவிட்டார்கள். இந்த நிலையில் மேலிடத்தில் போய் வாசலோரம் இடம் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆக, கொடுத்த மூலைக்குள் எந்த டேபிள் பாதைப் பக்கம் என்பது மட்டும்தான் எங்கள் கையில். அங்கே எப்போதும் 1-3 நோ லிமிட் ஹோல்டெம், அதாவது ஒன்று, மூன்று டாலர் கட்டாயப் பந்தயத்தில் தொடங்கும் சின்ன ஆட்டம்தான் போடுவேன். பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைதான் சிப்; சிவப்புச் சிப் ஐந்து டாலர், கறுப்பு நூறு. கறுப்பு குவிந்து கிடந்தால் போகிறவர் நின்று பார்ப்பார், உட்கார மாட்டார். சிவப்பாக இருந்தால், ‘நம்மாலும் முடியும் போலிருக்கே’ என்று தோன்றும்.

சிப்பை விட முக்கியம் முகம். ஹெட்ஃபோன் மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கும் பசங்களைப் பாதைப் பக்கம் வைத்தால் ஒரு ஆள் வரமாட்டார். பீர் வாங்கிக்கொண்டு தோற்றாலும் சிரிக்கிற கூட்டம் ஒன்று எப்படியும் இருக்கும், அவர்களை அங்கே. நன்றாகப் பேசுகிற டீலரையும் அங்கே அனுப்ப ஆசைதான், ஆனால் டீலர்கள் அரை மணிக்கொரு தரம் டேபிள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நடக்காது.

காலி டேபிள் கண்ணில் படவே கூடாது. காலையில் முதலில் திறப்பது பாதைப் பக்கம். இரவில் கூட்டம் குறைந்தால் உள்ளே இருப்பதைக் கலைத்து ஆட்களை முன்னால் கொண்டுவருவேன். ஆளே இல்லையென்றால் சில ரூம்களில் சம்பளத்துக்கு உட்காருகிறவர்கள் உண்டு. சொந்தப் பணத்தில் ஆடினால் ப்ராப், காசினோ பணத்தில் ஆடினால் ஷில். நாலு பேர் உட்கார்ந்தால்தான் ஐந்தாமவர் வருவார்.

மூலை சீட்:
டீலர் அண்ணா சொல்வது காசினோ பக்கத்து நியாயம். வாரக் கடைசியில் ஆடுகிற என்னை மாதிரி ஆளுக்கு அந்தப் பாதையோர டேபிள் தண்டனை. ரூமுக்குள் சிகரெட் கிடையாது, வெளியே பிடிக்கிறவர் புகை முழுக்க நம் மேல். ஸ்லாட் சத்தம் வேறு. முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் சீட்டைத் தூக்கிப் பார்க்கவே பயமாக இருக்கும். நான் உட்கார்ந்ததுமே டேபிள் மாற்றம் கேட்டுவிடுவேன். அப்புறம், ஆளை இழுப்பது பெரிய ஆட்டம்தானே? இல்லாவிட்டால் கண்ணாடி எதற்கு?

பழைய டீலர்:
புகை விஷயத்தில் மறுப்பே இல்லை, தம்பி. ஆனால் பெரிய ஆட்டம் இழுப்பது வேடிக்கை பார்க்கிறவர்களை. நிற்க வைப்பது வேறு, உட்கார வைப்பது வேறு.

வேகஸ் டவுன்டவுனில் ஹார்ஸ்ஷூ காசினோ நடத்திய பென்னி பினியன் கதை போக்கர் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். பெரிய சூதாடிகளான ஜானி மாஸும் ‘நிக் த கிரீக்’ என்ற நிக் டான்டலோஸும் மாதக்கணக்கில் போக்கர் ஆடினார்கள், பினியன் அந்த டேபிளை வாசலோரம் போட்டுக் கூட்டம் சேர்த்தார் என்பார்கள். 1949 என்று வழக்கமாகச் சொல்வது உதைக்கிறது, ஏனென்றால் அவருடைய ஹார்ஸ்ஷூ திறந்ததே 1951-இல். கதை எவ்வளவு உண்மையோ, அந்த மனிதரின் புத்தி அப்படித்தான் ஓடியது. அதே ஹார்ஸ்ஷூவில் பிற்பாடு பத்தாயிரம் டாலர் நோட்டு நூறைக் கண்ணாடிக்குள் வைத்து, முன்னால் நின்றால் இலவசமாகப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். படம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பக்கத்தில் ஏதாவது ஆடத்தானே செய்வார்கள். கூட்டம் வந்ததில் லாபம் மற்ற டேபிள்களுக்கு.

பெலாஜியோ கண்ணாடி அறையும் அந்த வகை. 1978 போக்கர் உலக சாம்பியன் பாபி பால்ட்வின் பெயரில் ‘பாபிஸ் ரூம்’ என்று இருந்தது, பிறகு ‘லெஜண்ட்ஸ் ரூம்’ ஆனது. உள்ளே இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை, வெளியே இருப்பவர் எட்டிப் பார்க்கலாம்.

பஞ்சிம் பக்கம்:
கோவாவில் இந்தக் கேள்வியே எழாது. டீலர் வைத்து ஆடும் டேபிள்களுக்கு அனுமதி கப்பலில்தான். மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிப் படகில் போக வேண்டும். உள்ளே இருக்கிற எல்லோரும் ஆட வந்தவர்கள், வழிப்போக்கர் என்று யாரைப் பிடிப்பது?

வழிப்போக்கன்:
நன்றி சார். அடுத்த தடவை போனால் அந்தச் சிவப்புச் சிப் டேபிளில் ஒரு கை பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். நேராகப் போய் உட்காரலாமா?

பழைய டீலர்:
கூடாது. நாற்காலி காலியாக இருந்தாலும் முதலில் முன்மேசையில் பெயர் கொடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் தடுப்போரம் நிற்க வைக்காதீர்கள். நெவாடாவில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சூதாடும் இடத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது, செக்யூரிட்டி வந்து நகரச் சொல்வார். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும், புகை ஆகாதென்றால் உள்பக்க டேபிள் வேண்டும் என்று ஃப்ளோரிடம் கேளுங்கள். கொடுப்பார்களா என்பது அன்றைக்குப் பாதையோரம் எத்தனை நாற்காலி காலி என்பதைப் பொறுத்தது.